30 சவரன் கேட்ட பேராண்டிக்கு

பொண்ணு வூட்டுல 30 சவரன் கேட்டிருக்கியாமே பேராண்டி! ரொம்ப சந்தோசம். ஆனா ஏன்டா இவ்ளோ கம்மியா கேட்ட? கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல கம்பி உருட்டற கம்பெனி, மூணு ஷிஃப்டு வேலை, சொந்தமா ஒரு பைக்கு. பைக்குக்கு இன்னும் தவணை பாக்கி இருக்குதுன்னாலும் பைக்கு பைக்கு தானே. இந்தத் தகுதிக்கு 50 கேட்டிருக்கலாம். உங்க ஆயா, அதான் என் தங்கச்சி, திண்ணையில வந்து உக்காந்து, "அண்ணா, நீ சொன்னா கேப்பான், கொஞ்சம் புத்தி சொல்லு"ன்னா. புத்தி சொன்னா கேக்கற வயசா உனக்கு? அதனால நீ கேட்டத எப்பிடி இன்னும் ஒழுங்கா கேக்கலாம்னு யோசனை மட்டும் சொல்றேன். கோவிச்சுக்காத.

நகை விசயத்துல எனக்கு யோசனை சொல்ற தகுதி உண்டு. கூட்டுறவு சொசைட்டியில நகை மதிப்பீட்டாளரா இருந்து நரைச்ச தலை இது. கவரப்பேட்டையில இருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் எந்த வூட்டு நகை எந்த மாசம் லாக்கருக்குள்ள வந்தது, எந்த மாசம் திரும்பிப் போச்சு, எது திரும்பாமலே ஏலத்துக்குப் போச்சு, எல்லாம் இந்தக் கைக்குத் தெரியும். உரைகல்லுல நகையால ஒரு கோடு இழுப்பேன். பக்கத்துலயே தரம் தெரிஞ்ச பொன்னால இன்னொரு கோடு. ரெண்டு மேலயும் ஆசிட்டு ஒரு சொட்டு. கலப்படக் கோடு நுரைச்சிக் கரையும், நல்ல கோடு அப்பிடியே நிக்கும். இதுல எங்க உரசறதுங்கிறது தான் வித்தை. பளபளன்னு இருக்கிற நடுவுல உரசறவன் ஏமாளி. கொக்கிகிட்ட, பத்தவெச்ச எடத்துல உரசணும். களவாணித்தனம் அங்க தான் குடியிருக்கும். மாங்கா மாலையா இருந்தா உள்ளாற அரக்கு இருக்கும், அதுக்கு எடை கழிக்கணும். இன்னொண்ணும் கவனிச்சிருக்கேன். ஆம்பளைங்க அடகு நகைய கைக்குட்டையில முடிஞ்சி கொண்டாருவாங்க. பொம்பளைங்க கழுத்துலயே போட்டுகினு வந்து கவுண்டர் முன்னால நின்னு கழட்டுவாங்க.

அரக்கு கழிக்கிற கணக்கு நேத்து வந்ததுன்னு நினைக்காத. தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு ராசராசன் குடுத்த நகைங்கள தனியாப் பேர் வெச்ச எடைக்கல்லால நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றின்னு எழுதி, முத்து எத்தனை, வைரம் எத்தனை, அதுல எது பழுது, கயிறும் அரக்கும் சேந்து எவ்ளோ எடைன்னு செவுத்துலயே வெட்டி வெச்சிருக்கான். சாமிக்கே பில்லு போட்டுக் குடுத்த மகராசன். இங்கிலாந்துல முதலாம் எட்வர்டு 1300ல சட்டம் போட்டான்: பாரிசுக்காரன் உரைகல் தரத்துக்குக் கீழ இருக்கிற தங்கத்துல எந்த ஆசாரியும் வேலை செய்யக் கூடாது, வெள்ளிச் சாமான்ல சிறுத்தைத் தலை முத்திரை இருக்கணும். நம்ம நாட்டுல ஹால்மார்க் கட்டாயம்னு ஆனது 2021ல. நடுவுல 700 வருசம் நம்ம சனம் கடைக்காரர் சிரிப்பை நம்பித்தான் தங்கம் வாங்கிச்சு.

சரி, உன் கதைக்கு வா. இந்த நகை யாருக்கு? பொண்ணுக்குன்னு சொல்லுவ. அவ காதுல தொங்கறது அவ கண்ணுக்குத் தெரியுமா? கழுத்துல கெடக்கறதும் குனிஞ்சா பாதி தான் தெரியும். முன்வரிசை நாற்காலியில உக்காந்திருக்கிற உன் பெரியப்பன் தான் அதைப் படிப்பான். படிச்சி, "பரவாயில்ல, பையனுக்கு நல்ல எடம் தான்"னு ஏப்பம் விடுவான். ஆக நீ கேக்கறது நகை இல்ல, பெரியப்பனுக்கு ஒரு கடுதாசி. தபால் செலவு மட்டும் பொண்ணோட அப்பன் தலையில.

நீ மட்டும் இப்பிடி இல்லடா, உலகமே இப்பிடித் தான் இருந்திருக்குது. என் பேத்தி காலேஜுல சரித்திரம் படிக்கிறா. நடுக்காலத்து ஐரோப்பாவுல யார் இன்னா நகை போட்டாங்க, ஏன் போட்டாங்கன்னு ஒரு புஸ்தகத்தை வெச்சிகினு ராத்திரியில எனக்குச் சொல்லுவா. கேக்கக் கேக்க நம்ம ஊர் கல்யாண மண்டபம் தான் கண்ணு முன்னால வந்தது.

அங்க 1348 வாக்குல கொள்ளைநோய் வந்து மூணுல ஒருத்தனுக்கு மேல வாரிகினு போச்சு. மிச்சம் இருந்த கூலிக்காரனுக்கு கிராக்கி ஏறிச்சு, கையில நாலு காசு பொழங்கிச்சு. காசு வந்தவன் சும்மா இருப்பானா? மோதிரம் வாங்கினான், பெண்டாட்டிக்கு வெள்ளிக் கச்சை வாங்கினான். பிரபுமாருங்களுக்கு வயிறு எரிஞ்சுது. 1363ல இங்கிலாந்துல மூணாம் எட்வர்டு சட்டம் கொண்டாந்தான்: கைவேலைக்காரனும் சின்ன விவசாயியும், அவங்க பெண்டாட்டி புள்ளைங்களும் பொன்னு, வெள்ளி, கல்லு வெச்ச மோதிரம், சங்கிலி, பொத்தான் எதுவும் போடக் கூடாது. ரெண்டு வருசத்துக்குள்ளயே அந்தச் சட்டத்தை வாபஸ் வாங்கிட்டாங்க. வூட்டுக்கு வூடு போயி பெண்டாட்டி பொத்தானை எண்ண எந்த ராசாகிட்ட ஆள் இருக்குது?

எண்ணிப் பாத்த ஊரும் ஒண்ணு உண்டு. இத்தாலியில ஃப்ளாரன்ஸ். அந்த ஊர் கதைக்காரர் பிராங்கோ சாக்கெட்டி எழுதின கதை ஒண்ணு. அதிகாரி தெருவுல ஒரு பொம்பளைய மடக்கி, "இத்தனை பொத்தான் வெச்சி உடுத்தக் கூடாதும்மா"ங்கிறான். அந்தம்மா, "இது பொத்தானே இல்ல சாமி. பாருங்க, காம்பும் கெடையாது, எதிர்ல ஓட்டையும் கெடையாது"ங்கிறா. அதிகாரி எழுதுகோலை மூடிகினு போயிடறான். திருவள்ளூர் மாவட்டத்துப் பொம்பளையா பொறக்க வேண்டியவ, வழி தவறி அங்க போயி பொறந்திருக்கா.

நம்ம ஊர்லயும் இந்தக் கூத்து நடந்தது. சீனாக்காரன் சண்டை முடிஞ்ச கையோட, 1963 சனவரியில மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டாந்தாரு. புது நகை 14 கேரட்டுக்கு மேல செய்யக் கூடாது. 14 கேரட்டுல தாலி செஞ்சா அது மங்கலம்னு எந்த மாமியா ஒத்துக்குவா? சனம் வாங்கறதை நிறுத்திச்சு, ஆசாரிங்க வயித்துல அடி விழுந்துச்சு. பொற்கொல்லர் குடும்பங்க உலை அணைஞ்சி பட்டினி கெடந்தாங்க, சில பேர் உசிரையே விட்டாங்க. மூணு நாலு வருசத்துல 14 கேரட் விதிய தளர்த்தினாங்க. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே மொத்தமா ஒழிஞ்சது 1990ல தான்.

இதுவரைக்கும் சிரிச்சிகினே கேட்ட இல்ல? இப்ப சொல்லப் போறதுக்கு சிரிப்பு வராது. 1930ல இராமநாதபுரம் பக்கம் ஆதிக்க சாதிக்காரங்க ஆதிதிராவிடங்களுக்கு எட்டுத் தடை போட்டாங்க. அதுல ஒண்ணு, பொன் நகையும் வெள்ளி நகையும் போடக் கூடாதுங்கிறது. மீறினவங்க குடிசை எரிஞ்சுது. அதுக்கு முன்னால, 1915ல கொல்லம் பக்கம் பெரிநாட்டுல வேற மாதிரி. புலையர் பொம்பளைங்க கழுத்துல கல்லுமாலை தான் போடணும், அதுவே அவங்க சாதிக்கு அடையாளம்னு வெச்சிருந்தாங்க. அய்யன்காளி சொல்லி அந்தப் பொம்பளைங்க மாலைய அறுத்து எறிஞ்சாங்க. ஒரு எடத்துல போடாதேன்னு அடிச்சான், இன்னொரு எடத்துல போட்டே ஆகணும்னு அடிச்சான். கழுத்து யாருடையதுங்கிறது தான் ரெண்டு எடத்துலயும் வழக்கு.

உன் கழுத்துக்கு வருவோம். காலையில ஷிஃப்டுக்குப் போகும்போது ஒரு பட்டை தொங்குதே, முனையில உன் போட்டோ. அதுக்கு கலர் இருக்குது இல்ல? பர்மனெண்டுக்கு ஒரு கலர், காண்ட்ராக்டுக்கு ஒரு கலர். கேண்டீன்ல யார் எங்க உக்காரணும்னு அந்தப் பட்டை சொல்லிடும். தரகர் பொண்ணு வூட்டுல முதல்ல சொன்னதே அந்தக் கலரைத் தான்னு நான் கேள்விப்பட்டேன். இங்கிலாந்துல லங்காஸ்டர் வம்சத்துக்காரன் தன் ஆளுங்களுக்கு 'எஸ்' எழுத்தா கோத்த கழுத்துச் சங்கிலி குடுத்தான். யார் பெரிய ஆள், யார் சின்ன ஆள்னு பொன்னா வெள்ளியான்னு பாத்தே தெரிஞ்சிக்கலாம். தாமஸ் மோர்னு ஒரு பெரிய மனுசன், 1527ல ஹோல்பைன் வரைஞ்ச படத்துல அந்தச் சங்கிலியோட தான் உக்காந்திருக்காரு. பிற்பாடு அதே ராசாங்கம் தான் அவர் தலைய எடுத்துச்சு. உன் பட்டைய நீ வேலைய விட்டா கேட்டுலயே வாங்கி வெச்சிக்குவாங்க, அவ்ளோ தான். அந்த வகையில நீ குடுத்து வெச்சவன்.

நீ மாமனார்கிட்ட தனியா கேட்டிருக்கிற பிரேஸ்லெட்டு ஞாபகத்துக்கு வருது. கம்பி உருட்டற எடத்துல, மெஷின் பக்கத்துல, மோதிரம் சங்கிலி காப்பு எதுவும் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கும். மாட்டிகினா விரலோட போகும், மணிக்கட்டோட போகும். ஆறு நாள் கழட்டி வெச்சி, ஏழாம் நாள் போட்டுகினு டீக்கடைக்குப் போறதுக்கு ஒன்றரை சவரனா? கேளு, கேளு. டீ மாஸ்டருக்கும் ஆசை இருக்குமே, பாக்கணும்னு.

இப்ப விரல்ல போட்டிருக்கிற அந்த நீலக்கல் விசயம். சனி பாக்கறான்னு ஜோசியர் சொன்னாரு, நீ போட்டுக்கின. ஐரோப்பாவுல பிஷப்புமாருங்க அதே நீலக்கல்லைப் போட்டுகினாங்க. வானத்துக் கலரு, கற்பைக் காக்கும்னு நம்பிக்கை. நீ சனிக்குப் பயந்து போட்ட, அவங்க பெண்ணாசைக்குப் பயந்து போட்டாங்க. கல்லு ஒண்ணு தான், பாவம், அதுக்கு எத்தனை டூட்டி. 1205ல போப் மூணாம் இன்னொசென்ட்டு, இங்கிலாந்து ஜான் ராசாவுக்கு நாலு மோதிரம் அனுப்பினாரு. பச்சைக் கல்லு விசுவாசத்துக்கு, நீலம் நம்பிக்கைக்கு, செவப்பு அன்புக்கு, புஷ்பராகம் நல்ல காரியத்துக்குன்னு விளக்கக் கடுதாசியோட. ஒரு கல்லும் வேலை செய்யல. 1209ல அதே போப்பு அதே ராசாவை சபைய விட்டுத் தள்ளி வெச்சிட்டாரு. உன் ஜோசியராவது வாரண்டி ஏதாவது எழுதிக் குடுத்தாரா?

செவ்வந்திக்கல்லுன்னு ஊதாவா ஒண்ணு இருக்குது. அதைப் போட்டா குடிச்சாலும் போதை ஏறாதுன்னு ஐரோப்பாவுல கிரேக்கர் காலத்துல இருந்து நம்பினாங்க. இந்தச் செய்தி நம்ம பக்கம் பரவாம இருக்கிறது நல்லது. போதை ஏறலன்னா டாஸ்மாக்குல இன்னொரு குவார்ட்டர் தான் கூட ஓடும். தேரைத் தலைக்குள்ள ஒரு கல்லு இருக்குது, அதை மோதிரத்துல பதிச்சா விஷம் அண்டாதுன்னும் நம்பினாங்க. அந்தக் கல்லு உண்மையில பழங்காலத்து மீனோட பல்லு, கல்லா எறுகிப் போனது. சிரிக்காத. நாகப்பாம்பு மாணிக்கத்தைக் கக்கி வெச்சி அந்த வெளிச்சத்துல இரை தேடும்னு எனக்குக் கதை சொன்னவங்க பரம்பரை தான் நாம.

வேடிக்கை இன்னான்னா, அவங்க நம்பின கல்லுல பாதி அவங்க மண்ணுல வெளையல. நீலம் இலங்கைச் சரக்கு. வைரம் கிருஷ்ணா ஆத்துப் படுகை. முத்து நம்ம மன்னார் குடாக்கடல். 1290கள்ல இந்தப் பக்கம் வந்த வெனீஸ்காரன் மார்க்கோ போலோ, பாண்டிய ராசாவைப் பாத்து வாயைப் பொளந்திருக்கான். இடுப்புல ஒரு துணி, கழுத்துல பட்டுக்கயித்துல கோத்த 104 முத்தும் மாணிக்கமும். எதுக்கு 104? காலையிலயும் சாயந்தரமும் சாமி பேரை 104 வாட்டி சொல்ல எண்ணிக்கை தப்பக் கூடாதுன்னு. சட்டை இல்லாத ஆளு, ஆனா மேல இருக்கறது ஒரு பட்டணத்து வெலைன்னு எழுதி வெச்சிருக்கான்.

அவ்ளோ தூரம் ஏன் போவணும்? நம்ம பழவேற்காடு இருக்குதே. நீ ஞாயித்துக்கெழமை கூட்டாளிங்களோட போயி இறா வறுவல் துன்னுட்டு வர்ற எடம். 1516 வாக்குல எழுதின போர்ச்சுகீசியன் துவார்த்தே பார்போசா, பெகு நாட்டு மாணிக்கமெல்லாம் அங்க ஏராளமா வந்து எறங்குதுன்னு எழுதியிருக்கான். பெகுன்னா பர்மா, இன்னிக்கு மியான்மர். அதுக்கப்புறம் டச்சுக்காரன் வந்து 1613ல கெல்டிரியா கோட்டை கட்டினான். நீங்க செல்ஃபி எடுக்கிற கல்லறை அவங்களுது. எலும்புக்கூட்டை செதுக்கி வாசல்ல நிறுத்தியிருக்கான் பாரு, அந்த ஆளுங்க தேடி வந்ததுல துணியோட கல்லும் உண்டு. நாம அவனுக்குக் குடுத்துட்டு எதை வாங்கினோம்? பவழம்! நம்ம தாலிச் சரட்டுல கோக்கிற செவப்புப் பவழம் மத்தியதரைக்கடல் சரக்கு. மெட்ராஸ்ல வைரத்துக்கு பவழம்னு மாத்திகினு வியாபாரம் பண்ணின யூத வணிகருங்க இருந்தாங்க. மண்ணடியில பவழக்காரத் தெரு இன்னிக்கும் இருக்குது. ஐரோப்பாவுல கொழந்தைக்குக் கண்ணு படாம இருக்க கழுத்துல பவழம் கட்டினாங்க, இங்கயும் அதே.

நகையால சாமிகிட்ட பேசறதும் ரெண்டு பக்கமும் உண்டு. நம்ம பெரியபாளையத்து பவானியம்மன்கிட்ட, புருசன் பொழைச்சி எழுந்தா தாலியவே தர்றேன்னு வேண்டிக்கினு, கோயில்லயே பொன்னுத் தாலிய கழட்டி உண்டியல்ல போட்டுட்டு மஞ்சக் கயித்தோட வூட்டுக்கு வர்ற பொம்பளைங்கள நீயும் பாத்திருப்ப. இங்கிலாந்துல கேண்டர்பரியில 1170ல வெட்டுப்பட்டுச் செத்த பேராயர் தாமஸ் பெக்கெட்டு சமாதியிலயும் இப்பிடித் தான் நகை குவிஞ்சுது. பிரான்சு ராசா ஏழாம் லூயி 1179ல வந்து ஒரு பெரிய மாணிக்கத்தைக் குடுத்துட்டுப் போனான். 1538ல எட்டாம் ஹென்றி சமாதிய ஒடைச்சி எல்லாத்தையும் வாரிகினான். அந்த மாணிக்கத்தைக் கட்டைவிரல் மோதிரத்துல பதிச்சி போட்டுகினான்னு சொல்லுவாங்க. நம்ம கவர்மெண்டு கட்டைவிரல்ல போட்டுக்கல. 2021 அக்டோபர்ல ஒரு திட்டம் தொடங்கினாங்க. சாமிக்குச் சாத்தாத காணிக்கை நகைங்கள மும்பை நாணயச் சாலையில உருக்கி, 24 கேரட் கட்டியாக்கி ஸ்டேட் பேங்குல போடறாங்க. 2025 ஏப்ரல்ல சட்டசபையில சொன்ன கணக்குக்கு 21 கோயில், 1,074 கிலோ, வருசத்துக்கு வட்டி 17 கோடியே 81 லட்சம். அம்மன் நகை வட்டி சம்பாதிக்குது. நம்ம வூட்டு நகை வட்டி கட்டுது. அடகு கவுண்டர்ல உக்காந்து நான் பாத்த ஒரே வித்தியாசம் இது தான்.

கல்யாணத்துக்கு நெசமா எவ்ளோ நகை வேணும்னு கேளு, சொல்றேன். 1217 வாக்குல இங்கிலாந்துல சால்ஸ்பரி பிஷப்பு ஒருத்தர் ஆம்பளைங்கள எச்சரிச்சாரு: நாணல்ல மோதிரம் முடைஞ்சி வெளையாட்டுக்கும் பொண்ணு விரல்ல போடாதீங்கடா, போட்டா மாட்டிக்குவீங்கன்னு. அந்தக் காலத்துல புல்லே போதும், கல்யாணம் ஆயிடும். நம்ம மாநிலத்துல அண்ணா ஆட்சியில 1967ல இந்து திருமணச் சட்டத்துல 7ஏ பிரிவைச் சேத்தாங்க. சொந்தக்காரங்க, சிநேகிதங்க முன்னால மாலை மாத்திகினாலும் சரி, மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, கல்யாணம் செல்லும். எத்தனை சவரன்னு அந்தப் பிரிவுல ஒரு வரியும் இல்ல. நானும் தேடிப் பாத்தேன்.

ஆனா வேற ஒரு சட்டத்துல உனக்கு எடம் இருக்குது. 1961 வரதட்சணைத் தடைச் சட்டம். வாங்க வேண்டாம், நாலாவது பிரிவுல கேட்டாலே குறைஞ்சது ஆறு மாசம், ரெண்டு வருசம் வரைக்கும் போகும். நீ வாட்ஸ்அப்புல வாய்ஸ் மெசேஜா வேற கேட்டிருக்க. சாட்சி தேட வேண்டிய வேலைய மிச்சம் பண்ணிட்ட. போலீசுக்கு உன்ன மாதிரி பசங்க மேல தனிப் பிரியம் இருக்கும்.

அதனால இன்னிக்கே பொண்ணோட அப்பனுக்கு போன் போட்டு, எனக்கு எதுவும் வேணாம் மாமான்னு சொல்லிடு. கௌரவமா இருக்கும், பயத்துல சொன்னன்னு யாருக்கும் தெரியாது. அப்புறமும் அவங்க ஆசைக்கு, பொண்ணுக்குன்னு ஏதாவது போட்டாங்கன்னா, அது அவ நகை. 1985ல பிரதிபா ராணி வழக்குல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிடுச்சு: ஸ்ரீதனம் பொண்ணுக்கே முழுசா சொந்தம், புருசன் கையில இருந்தா அது நம்பிக் குடுத்த பொருள், திருப்பிக் குடுக்கலன்னா குற்றம். பைக்கு தவணைக்கு, ஃபிரிட்ஜுக்கு, உன் தம்பி காலேஜு பீசுக்குன்னு கைக்குட்டையில முடிஞ்சி சொசைட்டிக்கு எடுத்துகினு போற நெனைப்பு இருந்தா இப்பவே விட்டுடு.

அதே 1985ல ஒரு விதியும் வந்தது. கல்யாணத்துல பொண்ணுக்கு வந்த பொருளையெல்லாம், இன்னா பொருள், தோராயமா இன்னா வெலை, யார் குடுத்தது, அவங்க இன்னா சொந்தம்னு எழுதணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். பொண்ணுக்கு வந்த பட்டியல் பொண்ணுகிட்ட தான் இருக்கணும். மண்டபத்துல மொய் நோட்டு எழுதற ஆளுகிட்ட ஒரு 40 பக்க நோட்டு சேத்து வாங்கிக் குடு. எடை பாத்து எழுத நான் வர்றேன், கூலி வேணாம்.